ஊர்நீரின் தூய்மையும் அறிவுறுத்தலின் எல்லையும்

ஒருவன் செய்யும் தீங்கு, செய்த இடத்திலேயே, செய்த பொழுதிலேயே, பிறர் கண்ணெதிரே நிகழுமாயின், அதனை இன்னான் செய்தான் என்று உலகம் சுட்டும்; அரசு ஒறுக்கும்; செய்தவன் நெஞ்சமும் அவனைச் சுடும். ஆனால், செய்தவன் இன்னான் என்று ஒருவரும் அறியாமலும், செய்தவன்தானும் தன் செயலின் முடிவை அறியாமலும், நெடுந்தொலைவுக்கு அப்பால் பல நாள் கழித்து நிகழும் தீங்கு ஒன்று உண்டு. தெருவில் விடப்பட்ட அழுக்கு மழைநீரோடு கலந்து சென்று குளத்தையும் ஆற்றையும் கிணற்றையும் கெடுப்பது அத்தகையது. இத்தீங்கின் குற்றம் யாரைச் சாரும்? இதனை நீக்குதற்கு மக்களுக்கு அறிவுறுத்தல் ஒன்றே போதுமா? போதாதெனின் அதனோடு வேறு யாது வேண்டும்? இம்மூன்று வினாக்களும் சுகாதார அதிகாரிகளுக்கே உரியன என்று எண்ணி விடுதல் கூடாது. அறமும் வினையும் பற்றி ஆராய்வார் அனைவர்க்கும் இவை உரியனவாம்.

திண்டுக்கல் நகரின் நிலையை எடுத்துக்கொண்டால் இவ்வாராய்ச்சி எளிதாகும். திண்டு போலக் கிடக்கும் பெரும்பாறை ஒன்றே அவ்வூர்க்குப் பெயர் தந்தது என்பர். பத்மகிரி என வழங்கும் அப்பாறையின்மேல் மழை பெய்தால், சுனைகளில் விழுவது ஒழிய, எஞ்சிய நீர் பாறையினுள் இறங்குவதில்லை. பெய்த அப்பொழுதே சரிவின் வழியே கீழ்நோக்கிப் பாய்ந்து விடுகிறது. அடிவாரத்தில் கோட்டைக்குளம் இருத்தலின் பொருத்தம் இதனாலேயே விளங்கும். பாறைக்கு இயல்பாய் அமைந்த இத்தன்மையை மனிதர் தம் ஊர்க்கும் செயற்கையால் உண்டாக்கி விட்டனர். மண்ணாயிருந்த தெருக்கள் தார்ச் சாலைகளும் சிமிட்டித் தளங்களும் ஆயின, முற்றங்களும் மூடப்பட்டன. முன்னர் மண்ணுள் மெல்ல இறங்கி, மண்ணாலேயே வடிகட்டப்பட்டுக் கிணற்றைச் சேர்ந்த நீர், இப்பொழுது தெருவின் அழுக்கு முழுவதையும் வாரிக்கொண்டு விரைந்தோடுகிறது. ஊர் முழுதும் ஒரு பாறையாகி விட்டது என்றே சொல்லலாம்.

இந்நீர் எங்கே செல்கிறது என்பதை நகரத்தார் பலர் சிந்திப்பதில்லை. பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளிலிருந்து வரும் குடகனாறு ஆத்தூர் வழியே வந்து, தாடிக்கொம்பு, வேடசந்தூர்ப் பகுதிகளைக் கடந்து வடக்கே சென்று, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கூடுகிறது. அமராவதி காவிரியோடு கலக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் நீர் பெரும்பாலும் இவ்வாற்றையே சார்வது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெருவிலிருந்து வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து வரத்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து குளத்துக்கும், குளம் நிறைந்தபின் மறுகால் வழியே அடுத்த குளத்துக்கும், முடிவில் ஆற்றுக்குமாக அது செல்கிறது. ஆத்தூரில் குடகனாற்றைத் தடுத்துக் கட்டிய காமராசர் நீர்த்தேக்கத்தின் நீரையே நகரத்தார் நெடுங்காலமாய் உண்டு வருகின்றனர். அஃதாவது, ஆற்றின் மேற்பகுதியில் எடுத்த நீரைப் பருகி, கீழ்ப்பகுதிக்குத் தம் கழிவை விடுகின்றனர். ஆத்தூரார் அந்நீரில் அழுக்கு விட்டால் நகரத்தார் பொறுப்பரோ? பொறார் எனின், தமக்கு மேலுள்ளாரிடம் தாம் வேண்டும் அறத்தைத் தமக்குக் கீழுள்ளார்க்குத் தாமும் செய்யக் கடமைப்பட்டவரே ஆவர். நீர்வழியில் வாழும் எவ்வூரும் ஓர் ஊர்க்குக் கீழூராயும் மற்றோர் ஊர்க்கு மேலூராயும் இருக்கின்றமையின், இவ்வறத்தினின்று தப்பும் ஊர் ஒன்றும் இல்லை.

நீரைக் கெடுக்கும் மாசு இருதிறப்படும். ஒன்று, இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று சுட்டிக் காட்டத்தக்கது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலிருந்து வந்த கழிவுநீர் அத்தகையது. நிலத்தடி நீர் உவர்ப்பேறவும் வயல்கள் பயனிழக்கவும் அது காரணமாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அப்போது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனப்பட்ட இம்மாவட்டத்தையும் உள்ளிட்டு ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. மாசு செய்தவனே அதனை நீக்கும் செலவை ஏற்க வேண்டும் என்பதும், தீங்கு முற்றும் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் முன்னரே தடுக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பால் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாயின.

மற்றொன்று, சுட்டிக் காட்ட இயலாதது. வண்டியிலிருந்து சொட்டிய எண்ணெய், சக்கரம் தேய்ந்து உதிர்ந்த துகள், தெருவில் விடப்பட்ட மாடு நாய்களின் கழிவு, கடை வாயிலில் கொட்டிய சோப்பு நீர், அடுப்புச் சாம்பல், நெகிழிப் பை, எச்சில் இலை ஆகிய யாவும் கோடை முழுவதும் தெருவில் படிந்து கிடந்து, முதல் மழையில் ஒருங்கே கிளம்புகின்றன. அதனாலேயே பருவத்தின் முதல் மழைநீர் பின் வரும் நீரினும் பன்மடங்கு அழுக்குடையதாகிறது. வீட்டுச் சாக்கடை நீர், பாதாளச் சாக்கடை அமைந்த இடங்களில், சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வது. மழைநீர் வடிகாலோ எவ்வகைச் சுத்திகரிப்பும் இன்றி நேரே நீர்நிலையைச் சேர்வது. இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒன்றென எண்ணி, வடிகாலில் எதையும் கொட்டலாம் என்பார் பலர். அங்ஙனம் சென்ற அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிற் கரைந்துள்ள உயிர்வளி செலவாகின்றது. மீன்கள் மூச்சின்றி மடிகின்றன. எண்ணெய்ப் படலம் வளி நீருட் புகாமல் தடுக்கிறது. சோப்பிலும் சாணத்திலும் உள்ள சத்து பாசியை மிகுவிக்கிறது. நெகிழி வடிகாலை அடைத்து, தெருவையே குளமாக்குகிறது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டில் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு, வெளியே இருக்கும் கள்வனிடமிருந்து வீட்டைக் காக்கும். வீட்டுக்குடையவனே தன் பொருளை அழிக்கப் புகுவானாயின் எந்தப் பூட்டும் காவாது. சட்டமும் பூட்டுப் போன்றதே. வாயில் உள்ள இடத்தில் அதனைப் பூட்டலாம், தொழிற்சாலைக்கு வாயில் உண்டு, குழாய் உண்டு, உடையவன் பெயர் உண்டு. நூறாயிரம் பேர் தத்தம் வாயிலில் சிறிது சிறிதாய் விடும் அழுக்குக்கு எந்தப் பூட்டைப் பூட்டுவது? ஆகவேதான் இவ்வகை மாசுக்கு அறிவுறுத்தலையே முதற்கருவியாகக் கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்க நாட்டார் 1972ஆம் ஆண்டில் தூயநீர்ச் சட்டத்தை இயற்றித் தொழிற்சாலைக் குழாய்களை முதலில் அடக்கினர். அதன்பின்னும் நீர்நிலைகள் பல தெளியாமை கண்டு, 1987ஆம் ஆண்டில் அச்சட்டத்தைத் திருத்தி நகர மழைநீரையும் அதன்கீழ்க் கொண்டுவந்தனர். சிறுநகரங்களுக்கென 1999ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் ஆறு கடமைகளை விதித்தன. அவற்றுள் முதலாவது பொதுமக்களுக்கு அறிவுறுத்தல் என்பது கருதத்தக்கது. வடிகால் வாய்தோறும், இங்கே கொட்டுவது ஆற்றைச் சேரும் என்னும் பொருள்பட எழுதி வைக்கும் வழக்கம் அந்நாட்டு நகரங்களில் பரவியுள்ளது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டில் நகரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கம் தொடங்கியது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் உழைத்துச் சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கினர்.

இனி, அறிவுறுத்தலைப் பற்றி எழும் தடைகள் ஆராயத்தக்கன.

முதலாவது தடை வருமாறு: "அறியாமற் செய்தது குற்றம் ஆகாது. அங்ஙனமாயின், அறியாதிருந்தவனுக்கு அறிவுறுத்துவோர் அவனைக் குற்றவாளியாக்குவோரே ஆவர். அறியாமையில் விட்டு வைப்பதே அவனுக்கு நலம்." இத்தடை ஒரு பாதி உண்மையைக் கொண்டது. அறியாது தொட்டாலும் தீச் சுடும். அறியாது கொட்டினாலும் நீர் கெடும். நீருக்கு நேரும் கேடு, செய்தவன் அறிவு அறியாமை இரண்டையும் நோக்குவதன்று. செய்தவனைச் சாரும் குற்றமோ அறிவுக்கேற்ப மிகுவதே. ஆயினும், அறியாமையில் விடுவது நலம் என்றல் பொருந்தாது. ஆணவ இருளில் கிடத்தல் ஆன்மாவுக்கு நலம் என்று சித்தாந்தி ஒருபோதும் கூறான்; அறிவு விளங்குதலே ஆன்மா உய்தற்கு வழி. ஆனால் இத்தடையிலிருந்து அறிவுறுத்துவோர் கற்கவேண்டிய கடமை ஒன்று உண்டு. ஒருவனுக்குத் தீங்கை அறிவித்து, அதனைத் தவிர்க்கும் வழியை அறிவியாமலும் அமைத்துக் கொடாமலும் விடுவோர், அவன் தோளில் சுமையை ஏற்றி இறக்கும் இடம் காட்டாதவரே ஆவர். குப்பைத் தொட்டி வைக்காத தெருவில் குப்பை போடாதே என்று எழுதுவதும், பழுது பார்க்கும் கடைக்காரன் பழைய எண்ணெயைக் கொடுக்குமிடம் சொல்லாமல் அதனைச் சாக்கடையில் ஊற்றாதே என்று அதட்டுவதும் அத்தகையன. 1866ஆம் ஆண்டில் நகராட்சியாகித் 2014ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்த திண்டுக்கல்லின் ஆட்சியாளர்க்கும், பிற நகரங்களின் ஆட்சியாளர்க்கும் இக்கடமை ஒப்பவே உரியது.

இரண்டாவது தடை: "ஒருவன் எறியும் ஒரு தாளால் ஆறு கெட்டுவிடுமா? அவன் எறியாது விட்டாலும் ஆறு தூயதாகி விடுமா? பயனில்லாத கட்டுப்பாட்டை ஏன் மேற்கொள்ள வேண்டும்?" இதற்கு விடை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். அடியார் அமுதுசெய்யும் பந்தியின் பொருட்டு அண்டா நிறையப் பாயசம் காய்ச்சப்படுகிறது. அவ்வழிச் செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை உப்பை அதில் இடுகின்றனர். ஒரு சிட்டிகை உப்பின் சுவை அண்டாவில் தோன்றாது என்பது உண்மையே. நூறுபேர் இட்டபின் அதனை வாயில் வைக்க முடியாது என்பதும் உண்மையே. கெடுத்தவர் யார்? ஒருவரும் இல்லை என்றால், காரணமின்றிக் காரியம் நிகழ்ந்ததாக முடியும். அது தருக்கத்துக்கு ஒவ்வாது. ஆகவே நூறுபேரும் கெடுத்தவரே. நூறுபேர் கூடிச் செய்தமையால் குற்றம் நூறு கூறாய்ச் சிறுத்துவிடும் என்பதும் அன்று. அவரவர் கருத்தும் செயலும் அவரவர்க்கு முழுமையாகவே உரியன. மேலும், தான் இட்டது தோன்றாது என்னும் துணிவே ஒவ்வொருவரையும் இடச் செய்தது. அத்துணிவு பந்தியில் அமர்வாரைப் பற்றிய எண்ணமே இல்லாமையிலிருந்து பிறந்தது. யான் எனது என்பதற்கு அப்பால் ஒன்றும் காணாத செருக்கின் ஒரு வடிவமே அது.

மூன்றாவது தடையே வலிமை மிக்கது: "அறிந்தவரும் அவ்வாறே செய்கின்றனர். ஆதலின் அறிவுறுத்தலால் பயனில்லை." கண்கூடாய்க் காணும் இவ்வுண்மையை மறுத்தல் இயலாது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. நெகிழியின் தீமையை அறியாதார் இன்று அரியர். நெகிழிப்பை கிடவாத வடிகாலும் அரிதே. இதற்கு மாறாக, 2003ஆம் ஆண்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று அரசு கட்டாயம் ஆக்கியபோது, மக்கள் பெருந்தொகையினராய் விரைந்து அமைத்தனர். வேறுபாடு யாது? மழைநீரைச் சேர்ப்பவன் கிணற்றிலேயே நீர் ஊறும், பயன் அவனுக்கே. தெருவில் அழுக்கு விடாதவன் பெறும் பயனோ குடகனாற்றங்கரையில் உள்ள எவனோ ஒருவன் கிணற்றுக்குப் போகிறது. தன்பயன் கருதி ஒழுகுவதற்குச் செய்தி அறிந்தால் போதும். பிறர்பயன் கருதி ஒழுகுவதற்கு நெஞ்சம் மாறுதல் வேண்டும். செய்தி நெஞ்சை மாற்றுவதற்குப் பல படிகளைக் கடக்க வேண்டும்.

அப்படிகளைச் சைவ நூல்கள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காக வகுத்துரைக்கும். அவை ஞானநெறிக்கு உரியனவே எனினும், எவ்வகை அறிவும் ஒழுக்கமாய் முதிரும் முறைமைக்கு அவற்றை அளவையாகக் கொள்ளுதல் தவறாகாது. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் ஊர்வலமும் கேட்டலோடு நின்று விடுகின்றன. கேட்டது ஒழுக்கமாகவில்லை என்று அறிவுறுத்தலையே பழிப்பது, விதைத்த மறுநாள் கதிர் இல்லையே என்று விதையைப் பழிப்பதனோடு ஒக்கும்.

சிந்தித்தலாவது, கேட்டதைத் தன் வாழ்விடத்தோடு பொருத்திக் காண்டல். பள்ளிப் பிள்ளைகளை ஒரு மழைநாள் கழித்துத் தம் தெரு வடிகாலின் வழியே நடத்திச் சென்று, அது சேரும் குளத்தையும், குளத்தின் மறுகாலையும் காட்டினால், நூறு சுவரொட்டியால் ஆகாதது ஆகும். வடிகால் வாயில், இந்நீர் இன்ன குளத்தைச் சேரும் என்று அக்குளத்தின் பெயரையே எழுதுதலும் அத்தகையது. பெயரற்ற நீர்நிலைக்கு இரங்காத நெஞ்சம் பெயரறிந்த குளத்துக்கு இரங்கும். தெளிதலாவது, ஐயம் நீங்கிச் செய்வகை அறிதல்: பருவமழைக்கு முன் வாயிலைப் பெருக்கி வாரிவிடுதல், நீரடித்து அழுக்கைத் தெருவுக்குத் தள்ளாமை, கூரை நீரைக் கிணற்றில் விடுமுன் முதல் மழையை விலக்கிவிடுதல், சாணத்தை எருக்குழிக்குச் சேர்த்தல். நிட்டைகூடலாவது, பிறர் காணினும் காணாவிடினும் அதுவே இயல்பாகி நிற்றல். தண்டத்துக்கு அஞ்சி விலகுவோன் காவலர் இல்லாத இரவில் மீள்வான், இயல்பாயினோன் மீளான். அறிவுறுத்தல் முடியும் எல்லை அதுவே.

இவ்விடத்துச் சைவ நன்மக்கள் சிறப்பாய்க் கருதவேண்டிய இரண்டு உள. ஒன்று, பூசையின் பெயரால் நீரைக் கெடுத்தல். நீராடித் திருநீறணிந்து வழிபட்டவர், நிருமாலியத்தை நெகிழிப் பையோடு கட்டிக் குளத்தில் எறிவதைக் காணலாம். விநாயகர் சதுர்த்தியில் சுடாத களிமண்ணால் திருவுருவம் செய்து நீரிற் கரைத்தல் பழவழக்கம். மண் மண்ணோடு சேர்ந்தது. அதற்கு மாறாய் வேதிச் சாயம் பூசிய சுண்ணச் சாந்து உருவங்களைக் கரைத்தலால் வரும் கேட்டை நோக்கி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வகுத்து, 2020ஆம் ஆண்டில் அவற்றைத் திருத்தியும் வெளியிட்டது. வழிபாட்டின் தூய்மையைக் காக்க அரசின் வாரியம் விதி வகுக்க நேர்ந்தது அடியார்க்குப் பெருமை தருவதன்று.

மற்றொன்று, அழுக்கை விடுபவன் தன்னைத் தூயன் என்றும் அதனை அள்ளுபவனைத் தூய்மையற்றவன் என்றும் கருதும் மயக்கம். அடைபட்ட வடிகாலில் இறங்கி நெகிழியையும் மலத்தையும் கையால் அள்ளும் தொழிலாளர், அவற்றை அங்கே இட்டவர் அல்லர். மனிதர் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடைசெய்து 2013ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வந்த பின்னும் உள்ளத்தில் அம்மயக்கம் நீங்காதிருப்பின், எறியும் கையும் நிற்காது. எடுப்பதற்கு ஒருவன் உளன் என்னும் எண்ணமே எறிதற்கு ஊக்கம் தருவது. திருநாவுக்கரசர் திருக்கரத்தில் விளங்கியது உழவாரம்; திருக்கோயில் முற்றத்தின் புல்லையும் குப்பையையும் தம் கையாலேயே நீக்கிய அத்தொண்டினாலேயே அக்கருவி அவர்க்கு அடையாளமாய் வணங்கப்படுகிறது. கண்ணொளி இல்லாத தண்டியடிகள் திருவாரூர்த் திருக்குளம் குறுகுவது கண்டு பொறாது, கயிற்றைப் பற்றிச் சென்று மண்ணைத் தோண்டிச் சுமந்தார். அவர்களைத் தொழுவோர் வடிகால் அள்ளுவோரை இழித்து நோக்குதல் தம் வழிபாட்டைத் தாமே மறுத்தலாகும்.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது சித்தாந்தத் துணிபு. நீரும் அத்தகையதே, தான் ஓடும் நிலத்தின் இயல்பை ஏற்பது. ஆயின் இரண்டற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆன்மா அறிவுடையதாதலின் தான் சார்வதை ஆராய்ந்து விலகவும் அணையவும் வல்லது. நீர் அறிவற்றதாதலின் தன்னைக் காத்துக்கொள்ள வல்லதன்று. தன்னைக் காக்க மாட்டாத ஒன்றைக் காக்கும் கடன், காக்க வல்ல அறிவுடைப் பொருளையே சாரும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த மூன்று வினாக்களுக்கும் விடை இதுவாம். மழைநீர் மாசின் குற்றம், சிறிதளவே செய்தார் என்பதனாலும் பலரோடு கூடிச் செய்தார் என்பதனாலும் நீங்காது, செய்தார் ஒவ்வொருவரையும் சாரும். அறிந்து செய்தாரை மிகுதியாய்ச் சாரும். அறிவுறுத்தல் இன்றியமையாதது, கேட்டலோடு நிற்குமாயின் அது போதாது. அறிவுறுத்துவோர் நீர் செல்லும் வழியைக் காட்டுதலும், அழுக்கை விடுதற்கு உரிய இடத்தை அமைத்துக் கொடுத்தலும், தாமே முதலில் அவ்வாறு ஒழுகுதலும் ஆகிய மூன்றும் கூடிய வழியே அவ்வறிவு மக்களிடத்து ஒழுக்கமாய் நிலைபெறும். அடுத்த பருவமழைக்கு முன் தத்தம் வாயில் வடிகால் எந்தக் குளத்தைச் சேர்கிறது என்று ஒவ்வொருவரும் சென்று கண்டறிதல் இதற்கு முதற்படியாகும்.